உரிக்காத ஆரஞ்சுகள்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ வீடு திரும்பிவிட்டாய் என்று தம்பி சொன்னான். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே மூன்று நாள் உட்கார்ந்திருந்தானாம். வந்தவர்கள் கொடுத்த ஆரஞ்சை வைக்க இடமில்லையாம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மறைப்பானேன். நம் இருவருக்கும் இருப்பது ஒரே முடக்குவாதம்தான். எனக்குப் பதினெட்டு வருடமாக, உனக்கு ஆறு. என் விரல்கள் கோணிப்போனபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு இதயம் என்றதும் ஊரே திரண்டுவிட்டது. வியாதியிலும் நீ கொடுத்துவைத்தவள்.

தையல் கடை மாடிப்படி ஏறினால் எனக்கு இடது தாடை வலிக்கிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று, வலி அப்படியே இருக்கிறது. இதற்கெல்லாம் யார் பழம் வாங்கி வரப்போகிறார்கள்?

உன் அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். எனக்கும் முதலில் நெஞ்சு வலிக்கவில்லை. படி ஏறும்போது தாடைதான் வலித்தது. மூட்டுகளை அரிக்கிற இந்த நோய் இதயக் குழாயையும் விட்டுவைக்காதாம். அக்காவுக்கும் முடக்குவாதம் உண்டு, ஆனால் மூட்டோடு சரி என்று டாக்டரிடம் சொன்னேன். "மூட்டோட சரின்னு யாரு பாத்துச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

இன்றே தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போ. படி ஏறாதே.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விரல்களோடு நீ இன்னும் காலர் தைக்கிறாய் என்று எல்லோரும் உன்னைப் புகழும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் தங்கை

மார்ச் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும், என் பல்வலியைக்கூடத் தனக்கென்று பிடுங்கிக்கொள்கிறாளே என்று எரிச்சல்தான் வந்தது. தம்பி விடவில்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கடைப் படியிலேயே முடிந்திருக்குமாம். அந்தப் பல்தான் பாவம், ஒரு தப்பும் செய்யாமல் போய்விட்டது.

எல்லோரும் வந்தார்கள். உன்னைவிட எனக்கு அதிகமா என்று தம்பியை எண்ணச் சொன்னேன். நான்கு ஆரஞ்சு அதிகம். ஆனால் வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒன்றைக்கூட இந்த விரல்களால் உரிக்க முடியவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை வா. இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒன்றையாவது உரித்துவிடலாம்.

அக்கா