பயத்துக்கு ஒரு மூட்டை

ஜனவரி 9

கரிக்கணக்குப்பிள்ளையாகிவிட்ட அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு என்ன குறை? போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். தாளை நீ நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

கட்டினால் எவ்வளவு கரிப்புகை என்று நீங்கள் கரிக்கணக்குப் போடும் எட்டு மாடி ஆஸ்பத்திரிக்கு எங்கள் ரெடிமிக்ஸ் பிளான்டிலிருந்துதான் கான்கிரீட் போகிறது. அதனால் உன் கம்பெனி படிவம் இங்கே வந்தது. பதினாலு பக்கம். லேபைப் பார்த்துக்கொள்பவள் நான் என்பதால் மேனேஜர் அதை என் மேசையில் போட்டுவிட்டு, "உங்க தம்பி அனுப்பியிருக்காரு, நீங்களே அனுபவிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுபவித்தேன். மிக்சர் லாரிகள் எவ்வளவு டீசல் குடிக்கின்றன என்பதற்கு ஒரே ஒரு வரி. ஆபீஸில் எத்தனை பேப்பர் கப் செலவாகிறது என்பதற்கு ஒரு முழுப் பக்கம்! எத்தனை பேர் சைக்கிளில் வேலைக்கு வருகிறார்கள் என்று வேறு. கலவை போடுகிற மெஷினை ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன் தூக்கம் வராமல் இருக்க ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறார். அவரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? கட்டிடம் பசுமையாகிவிடுமா?

இதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்? மாமா படிவத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா சிரித்ததில் மகிழ்ச்சி. அவருக்கு ரத்த அழுத்தம் குறையும்.

பேப்பர் கப் பக்கம் நான் போட்டதில்லை. எங்கள் டைரக்டர் போட்டது. அவர் கான்கிரீட்டைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. பேப்பர் கப்பைத் தினமும் தொடுகிறார். ஆனால் நீயும் ஒன்றைத் தெரிந்துகொள். ஒரு டன் சிமெண்டைச் சுட்டு எடுத்தால் தொள்ளாயிரம் கிலோ கரிப்புகை வானத்துக்குப் போகிறது. கட்டிடத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சுவர் முழுக்கச் செடி வைக்கப் போகிறார்கள். அது எனக்கும் சிரிப்புத்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு லோடுக்கும் உங்கள் மெஷின் அச்சடித்துத் தருகிற சீட்டு. எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு மணல், எவ்வளவு தண்ணீர் என்று அதில் இருக்கும் இல்லையா? கூடவே பலம் பார்க்க வார்க்கிற கான்கிரீட் கட்டியை, அந்தக் கியூபை, உடைத்துப் பார்த்த கணக்கு. "எங்க வேலை எங்களுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லாதே. எல்லா பிளான்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரிவதில்லை.

உன் தம்பி


பிப்ரவரி 2

மேதாவித் தம்பிக்கு,

எங்க வேலை எங்களுக்குத் தெரியும்.

சீட்டுகளைக் கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறேன். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகட்டும். கியூப் நோட்டும் இருக்கிறது. ஒவ்வொரு லோடிலிருந்தும் எடுத்து அச்சில் ஊற்றி, மறுநாள் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, இருபத்தெட்டாம் நாள் நசுக்கிப் பார்த்த கணக்கு. ஒன்றுகூட பெயில் கிடையாது. பதினெட்டு வருஷமாக ஒன்றுகூட!

நீ வந்தால் லேபில் உட்கார வைத்து ஒரு கியூபை உன் மடியில் வைக்கிறேன். எட்டு கிலோ. அதைப் பிடித்துக்கொண்டு உன் லேப்டாப்பில் தட்டு. அப்போதாவது எதைக் கணக்குப் போடுகிறோம் என்று தெரியும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவேயில்லை. பழகிவிட்டது.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா விஷயத்தில் நீ திட்டுவது நியாயம். அடுத்த மாதம் வருகிறேன்.

சீட்டுகளை முழுக்கப் பார்த்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த கலவைக் குறிப்பில் ஒரு கன மீட்டருக்கு முந்நூற்று இருபது கிலோ சிமெண்ட். மெஷின் சீட்டில் முந்நூற்று எழுபது. ஒரு லோடு இரண்டு லோடு இல்லை, அத்தனை லோடும். கியூப் முப்பது அளவு அழுத்தம் தாங்கினால் போதும் என்கிற இடத்தில், உன் கியூப் நாற்பத்தெட்டில் உடைகிறது. அதுதான் ஒன்றுகூட பெயில் ஆகாததன் ரகசியமா?

உன் ஆபரேட்டரிடம் போனில் கேட்டேன். "அது பயத்துக்கு ஒரு மூட்டை தம்பி. அக்கா சொல்லியிருக்காங்க, அம்பது கிலோ சேர்த்துத் தட்டிடுவோம். நான் வந்ததுலேர்ந்து அப்படித்தான்" என்றார்.

ஒன்பதாயிரம் கன மீட்டர் ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு மூட்டை மட்டும் நானூற்று ஐந்து டன் கரி. இதைக் கணக்கில் சேர்த்தால் பசுமைச் சான்றிதழ் கிடைக்காது. டைரக்டர் சொல்கிறார்: "குறிப்புல உள்ள எண்ணைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க, மெஷின் சீட்டை யார் கேட்டா?"

என்ன பயம் அக்கா அது? சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

என் ஆபரேட்டரிடம் எனக்குத் தெரியாமல் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாயா?

பயமும் இல்லை, பாசமும் இல்லை. கட்டிடம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் உன் டைரக்டரா வந்து தாங்குவார்?

உன்னைத்தான் எனக்குத் தெரியுமே. டைரக்டர் சொன்ன எண்ணைப் போடுவாய், கோட்டு மாட்டிக்கொண்டு சான்றிதழோடு போட்டோ எடுப்பாய், அதை எனக்கே அனுப்புவாய். காதில் பூச்சுற்றுகிற தொழில்தானே உனக்கு. முதுகெலும்பு இருந்தால் மெஷின் சீட்டில் உள்ளதை எழுது பார்க்கலாம்.

எழுத மாட்டாய்.

அக்கா


மார்ச் 11

நீ எழுதிவிட்டாய்.

அன்பு, நலம் எல்லாம் எழுத எனக்கு மனமில்லை. உன் அறிக்கையின் நகல் முதலாளிக்கு வந்தது. "கலவை நிலையத்தில் காரணமின்றிச் சேர்க்கப்படும் உபரி சிமெண்ட்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். காரணமின்றி! ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சான்றிதழ் இல்லை. அவர்கள் முதலாளியைக் கிழித்தார்கள், முதலாளி மேனேஜரைக் கிழித்தார், மேனேஜர் என்னிடம் வந்தார். திங்கட்கிழமையிலிருந்து நான் லேபில் இல்லை. வாசலில் லாரி எடை பார்க்கிறேன். நேற்று வந்த பையன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டுகிறான்.

இப்போது ஒன்று செய். அந்தச் சீட்டெல்லாம் மெஷின் தவறாக அச்சடித்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடு. நானும் கையெழுத்துப் போடுகிறேன். உன் கையெழுத்து எத்தனையோ பொய்க்குக் கீழே இருந்திருக்கும், இன்னும் ஒன்றில் என்ன வந்துவிடும்?

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

"முதுகெலும்பு இருந்தால் மெஷின் சீட்டில் உள்ளதை எழுது பார்க்கலாம்." இது உன் கையெழுத்து. எதிரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பத்து வருஷம் நான் போட்ட எண்களில் பாதிக்கு மேல் குறிப்பைப் பார்த்து எழுதியது. உண்மை. முதல் தடவையாக நிஜத்தை எழுதினேன், அதுவும் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நீ கேட்டதால். இப்போது அதை மாற்றச் சொல்கிறாய். உன்னைவிட எங்கள் டைரக்டர் தேவலாம். அவர் யோக்கியன் வேஷம் போடுவதில்லை.

எனக்கும் பரிசு கிடைத்தது. பெரிய கட்டிடம் எதுவும் இனி எனக்கு இல்லை. ஆபீஸ்களுக்குப் போய்ப் பேப்பர் கப் எண்ணுகிறேன். மாமாவிடம் சொல், சிரிக்கட்டும்.

மாற்ற மாட்டேன். ஆனால் "காரணமின்றி" என்ற சொல்லை மாற்றுகிறேன். காரணத்தைச் சொல்.

உன் தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

காரணம்தானே வேண்டும்? வாங்கிக்கொள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே பிளான்டில் நான் சேர்ந்து ஏழு மாதம். லேபில் நான் ஒருத்திதான். ஒரு குடோனுக்குத் தளம் போட்டோம், நாற்பது கன மீட்டர். கியூப் ஊற்றி அச்சோடு தகரக் கொட்டகைக்குள் வைத்தேன். மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் உனக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது என்று தகவல். அப்பா படுத்த படுக்கை. உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அட்மிஷன், ஹாஸ்டல், உனக்குக் காய்ச்சல், எல்லாம் சேர்ந்து எட்டு நாள். லேப் சாவி என் கைப்பையில்.

எட்டு நாள் அந்தக் கியூப் தகரத்தின் கீழே வெந்து காய்ந்து கிடந்தது. ஊற வேண்டிய நேரத்தில் ஊறாத கியூப் பலம் பிடிக்காது, அப்புறம் தண்ணீரில் போட்டு என்ன பிரயோஜனம்? இருபத்தெட்டாம் நாள் பதினேழில் உடைந்தது. தளத்தில் ஒரு குறையும் இல்லை தம்பி. துளை போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும், உன் படிப்பும் கூடவே போயிருக்கும்.

"கலவையில் சிமெண்ட் குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நல்ல தளத்தைப் பதினோரு நாள் இடித்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தத் தளத்துக்கு மெஷின் ஓட்டிய ஆபரேட்டரை, நான் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். "நான் சரியாத்தானேம்மா போட்டேன், நீங்க சொல்லுங்கம்மா" என்று என்னிடம் வந்து நின்றார். நான் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் மூட்டை. "இனிமே குறையக் கூடாது, ஒரு மூட்டை சேர்த்துப் போடுங்க" என்று நானே சட்டம் போட்டேன். ஆபரேட்டர்கள் மாறினார்கள், சட்டம் மாறவில்லை. சொல்லிச் சொல்லி, மூட்டை இல்லாவிட்டால் கட்டிடம் விழுந்துவிடும் என்று நானே நம்பிவிட்டேன்.

போட்டுக்கொள் உன் அறிக்கையில். தடித்த எழுத்தில் போடு.

அக்கா


மே 4

தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாயடைத்துப் போயிற்றோ? இல்லை, அக்காவை இனி மனுஷியாக மதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாயோ? எதுவானாலும் சரி, மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறுறீங்க? அந்த மூட்டையை நிறுத்தினா எனக்கு லாபம்தானே" என்று சிரித்தார். அவ்வளவுதான். ஒரு மனுஷன் பிழைப்பு போனது அவருக்கு ஒன்றுமேயில்லை. த்தூ!

அடுத்தது, அந்த ஆபரேட்டர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. வாசலில் நின்று சொன்னேன். கடைசி வரை கேட்டார். "இப்ப எதுக்கு?" என்றார். கதவைச் சாத்திவிட்டார். அவர் திட்டியிருந்தால் நான் வீடு திரும்பியிருப்பேன். அங்கேயே அரை மணி நேரம் நின்றேன், மூடின கதவைப் பார்த்துக்கொண்டு.

கடைசியாக, மூட்டை இல்லாமல் போட்ட கலவையின் கியூபை நேற்று நசுக்கினோம். லேபில் இருக்கும் அந்தப் பையன் நல்லவன், வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினான். மெஷின் முள் ஏற ஏற நான் எண்ணை வாய்விட்டுப் படித்தேன். முப்பத்தெட்டில் உடைந்தது. முப்பது போதும், தெரியுமா? முப்பத்தெட்டு.

பதினெட்டு வருஷம், வருஷத்துக்குப் பதினேழாயிரம் கன மீட்டர், மீட்டருக்கு ஒரு மூட்டை. நீதான் கரிக்கணக்குப்பிள்ளையாயிற்றே. மொத்தம் எவ்வளவு என்று போட்டு அனுப்பு. அக்காவாயிற்றே என்று ஒரு கிலோ குறைத்தாலும் உன் முகத்தில் முழிக்க மாட்டேன்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்ட ஆரம்பித்தால் காய்ச்சலில் படுத்திருந்த அந்த ஹாஸ்டல் கட்டில் நினைவுக்கு வருகிறது. நீ ஈரத்துணியை என் நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தாய். "அக்காவுக்கு லீவு நிறைய இருக்குடா" என்று சொன்னாய். நானும் நம்பினேன், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொரு லோடையும் தோண்டித் துருவுகிறவன் நான். எனக்கு இது போதும், நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள.

கணக்கு கேட்டாய். பதிமூவாயிரத்து எழுநூற்று எழுபது டன். ஒரு கிலோவும் குறைக்கவில்லை.

இடித்த அந்தக் குடோன் தளத்தை இதில் சேர்க்கவில்லை. பதினொன்றரை டன். அதற்கு நேராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, அந்த ஆபரேட்டர் வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போ. கதவைச் சாத்தினால் சாத்தட்டும், இரண்டு பேராக நிற்போம்.

தம்பி