கூண்டுக்குள் கை

அக்கா,

இன்று காலை மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கும்போது ஒரு கணவாய் மீன் ஓடு காலில் தட்டியது. வெள்ளையாக, உள்ளங்கை நீளத்துக்கு, ஓரம் உடையாமல் இருந்தது. மணலைத் தட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: அதைக் கொறித்து அலகைத் தீட்டிக்கொள்ள இப்போது கிளி இல்லை. அதை வாங்கிக் கூண்டுக் கம்பியில் கட்ட நீயும் இல்லை.

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் நிருபர். கோர்ட் இல்லாத நாட்களில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, சதுரங்கப்பட்டினத்தில் உன் வீட்டுக்கு வருவேன். அத்தான் கல்பாக்கம் கட்டட வேலைகளுக்கு லாரியில் ஜல்லி அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளியை மதுராந்தகத்திலிருந்து வாங்கி வந்தவரும் அவர்தான். தோளில் சிவப்புத் தீற்றல் கொண்ட பெரிய கிளி. வீட்டுக்குக் காவல் என்று வாசல் நிலையில், ஆள் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டார். ரோஷம் வரட்டும் என்று காய்ந்த மிளகாய் போட்டார். கிளிக்குக் காரம் தெரியாது. அது பாட்டுக்குத் தின்றது. ரோஷம் வந்தது குடைக்கம்பியால். நண்பர்கள் வரும்போதெல்லாம் குடை முனையைக் கூண்டுக்குள் விட்டு அதன் வயிற்றில் குத்துவார். அது இறக்கையடித்துக் கத்திக்கொண்டே முனையைக் கவ்வும்.

"அண்ணாத்த, இன்னா இது, கிளியா கடிநாயா?" என்று சிரிப்பார்கள்.

"தொரை இருக்கச்சொல எவன் வூட்டுக்குள்ள வருவான்?" என்பார். அதற்கு தொரை என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

வாசல் தன்னுடையது என்று தொரை முடிவு செய்துவிட்டது. நுழைகிறவர்களையெல்லாம் கொத்தியது. தண்ணீரும் கொய்யாவும் வைத்த உன்னை மட்டும் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. ஒருநாள் கூண்டை ஒட்டி நின்று உன்னை வைதுகொண்டிருந்த அத்தானின் காதைக் கம்பி வழியே கவ்வி, மடலைக் கிழித்தது. அவர் கூண்டைப் பிய்த்துத் தரையில் அறைந்தார். பிறகு உன்னை அறைந்தார். சட்டைக் காலரில் ரத்தம் இறங்க, "ஆடி முடியறதுக்குள்ள இது அடங்கல, கழுத்தத் திருகிக் கடல்ல வீசிடுவேன்" என்றார். சொன்னதைச் செய்கிறவர். தன் லாரி கிளீனரின் கையை ஒடித்தவர்.

"என்னோட செங்கல்பட்டுக்கு வந்துடு" என்று அன்றும் கேட்டேன்.

"இத விட்டுட்டா? தூக்கினு வந்தா எந்த பஸ்ல ஏத்துவான்? டிரைவர் காதையும் கிழிக்கும்."

மறுநாளே கூண்டைச் சமையலறை மூலைக்கு மாற்றினாய். மார்பு உயரம், முதுகுக்குச் சுவர். யாரும் அதைக் கடந்து போக வேண்டியதில்லை. மற்றதையெல்லாம் கடி வாங்கி வாங்கித்தான் கண்டுபிடித்தாய். குச்சியால் அடிக்காதே. கத்தாதே. கடித்தால் கீழே இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிப் போய்விடு. சாந்தமாக இருந்தால் ஒரு வேர்க்கடலை. வேப்பங்குச்சியை நீட்டி அதில் ஏறப் பழக்கினாய். பிறகு துண்டு சுற்றிய கையில். முழங்கை வரை உனக்குப் புண். "இழுக்கக் கூடாதுடா. இழுத்தா, கடிச்சா ஆள் ஓடிடுவான்னு கத்துக்கும்."

அடுத்து என்னைக் கூப்பிட்டாய். "வா, உன்ன கடிச்சா அதுக்கு எலும்புதான் கிடைக்கும்."

நான் வாழைப்பழத்தோடு கூண்டுக்குள் கையை விட்டேன். கட்டைவிரலின் அடிச்சதை பிய்ந்து தொங்கியது. மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே திட்டினாய்.

"உள்ள இன்னாத்துக்குடா கை வெச்ச? அது அதோட வூடு. வெளிய வந்தா நம்ம சொல்றத கேக்கும். உள்ள அது சொல்றதுதான். சும்மாவும் கடிக்கல. கண்ணு மணி சுருங்கி விரிஞ்சுது, பின்கழுத்து சிலுத்துகினுது, வால் விரிஞ்சுது. அது முன்னாடியே சொல்லிச்சு. நீ பாக்கல."

கடைசியாக அத்தான். அவர் கையால் வேர்க்கடலை கொடுக்கவைத்தாய். கூண்டுக்குள் மட்டும் கை வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாய். ஆடி முடியும் முன்பே தொரை அவர் நீட்டிய கையில் ஏறியது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டி, தானே அடக்கியதாகச் சொல்லிக்கொண்டார்.

பிறகு அந்த மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்பு கூடியிருந்தது; அவ்வளவுதான். அத்தான் வீசிய தட்டு சுவரில் மோதி விழுந்தது. முதல் அடியில் உன் உதடு கிழிந்தது. எழுந்து அவர் சட்டையைப் பிடித்தேன். தள்ளிய வேகத்தில் அம்மிக்கல்லில் போய் விழுந்தேன். மறுபடி கையை ஓங்கினார். கூண்டின் மேல் உட்கார்ந்திருந்த தொரை அந்தக் கையைப் பார்த்தது. ஒரு இறகு சிலிர்க்கவில்லை. பழகியபடி ஒரு காலைத் தூக்கி, அந்தக் கையில் ஏறக் காத்திருந்தது.

இரண்டாவது அடி விழுந்தது. நீ அவரைப் பார்க்கவில்லை. தூக்கிய அந்தக் காலையே பார்த்தாய். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தொரையைக் கூண்டுக்குள் விட்டாய்.

"கெளம்புடா. இதப் பழக்கிட்டேன். கூடவே நானும் பழகிட்டேன். அதான் பயமா கீது."

கூண்டைத் தூக்கிக்கொண்டு நீ வர, அவர் வாசலை மறித்தார். "நீ வேணா போ. கிளி என்னுது." கூண்டுக் கதவைத் திறந்து, தொரையின் கழுத்தைப் பிடிக்கக் கையை உள்ளே விட்டார். அதன் கண்மணி சுருங்கியதை இந்தத் தடவை நான் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் எலும்பு தட்டும் வரை அலகு இறங்கியது. அவர் அலறிக்கொண்டே இழுத்தார். சதை பிய்ந்து கூண்டிலேயே நின்றது. நிலைப்படியெல்லாம் ரத்தம். அவர் மண்டியிட்டார்.

"உள்ள கை வெக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல" என்றாய், குரலை உயர்த்தாமல். கூண்டுக் கதவைச் சாத்தி, அவரைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாய்.

பஸ்ஸில் கண்டக்டர் உன் உதட்டைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், முன்சீட்டைக் காட்டினார். செங்கல்பட்டு வரும்வரை தொரை யாரையும் கடிக்கவில்லை. நீ திரும்பிப் போகவும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளின் ரத்தத்தைச் செய்தியாக எழுதினேன். 'திடீரென்று ஆத்திரமடைந்தார்' என்று ஒருமுறைகூட எழுதியதில்லை, அக்கா. போலீஸ்காரர் அப்படிச் சொல்லும்போது கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொள்வேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்பேன். கண்மணி சுருங்கியதை யாராவது ஒருவர் பார்த்திருப்பார்.