கல்லில் ஒரு பழைய சொல்

மார்ச் 3

"டீச்சர், இந்த மாதிரி வார்த்தைய எல்லாம் வெளில யாரு பேசப்போறாங்க?" என்று ஒரு மாணவி முன்பு ஆங்கில வகுப்பில், பழைய சொல் ஒன்றைக் காட்டிக் கேட்டாள். இன்று பதில் தெரிந்துவிட்டது: என் கொழுந்தனார்.

எங்கள் இருவருக்கும் பங்குள்ள இந்த வீட்டின் முன்பகுதியைப் பொது வாசகசாலைக்குக் கொடுக்கிறோம். வாசலில் பதிக்கும் கல்லுக்கு ஆங்கிலத்தில் வாசகம் எழுதி வந்தார். முதலில் அவர் பெயர், இரண்டு பட்டங்கள், ஓய்வுபெற்ற பதிவாளர். அடுத்த வரியில் அவர் அண்ணன், அதாவது மறைந்த என் கணவர் பெயர், அவருடைய 'ரெலிக்ட்' (relict): விதவைக்குப் பழைய ஆங்கிலச் சொல். அது நான். என் பெயர் எங்குமே இல்லை.

"கம்பீரமான வார்த்தை அண்ணி. பழைய கல்லறைகள்ல எல்லாம் இருக்கு."

கல்லறையில் இருக்கட்டும். நான் உயிரோடு இருக்கிறேன்.

மார்ச் 4

மகளிடம் போனில் புலம்பினேன். "விடும்மா, யாருக்குப் புரியப்போகுது?" என்றாள். யாருக்கும் புரியாத சொல்லுக்குள் என்னைப் போட்டு மூடுவதுதானே வயிற்றெரிச்சல்.

மார்ச் 6

புத்தக அலமாரியைப் புரட்டிப் போட்டேன். 'விதவை' என்று அகராதி மரியாதையாக முடித்துக்கொள்கிறது. வேர்ச்சொல்லோ லத்தீன், விட்டுப்போனது, மிச்சம். ஆனால் ஒரு சொல்லின் குணம் புழக்கத்தில்தான் தெரியும். ஒரு பழைய ஆங்கிலக் கதையில் கப்பல் வியாபாரியின் ரெலிக்ட் வருகிறாள். அதே வாக்கியத்தில் அவன் விட்டுப்போன வீடு, குதிரைவண்டி, வெள்ளிப் பாத்திரங்கள். இன்னொன்றில் பாதிரியாரின் ரெலிக்ட். அவளை யார் கட்டிக்கொள்வார் என்று ஊரே பேசுகிறது, அவள் மட்டும் வாய் திறப்பதில்லை. சிலர் கேலிக்கென்றே அந்தச் சொல்லை வைக்கிறார்கள். ஆணுக்கு அது வந்து நான் பார்த்ததில்லை.

கப்பல்காரனின் மனைவிக்கு என்ன பெயர்? கடைசிப் பக்கம்வரை தேடினேன். இல்லை.

மார்ச் 7

கொழுந்தனார் காப்பிக்கு வந்தார். எடுத்துவைத்த இடங்களையெல்லாம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார், மசியவில்லை. அதெல்லாம் கதையாம், குடும்ப கௌரவம் வேறாம்.

பேனாவை எடுத்தேன். அவர் எழுதி வந்த தாளில் அவருடைய பட்டங்களை அடித்தேன், பதவியையும் அடித்தேன். அந்த இடத்தில் என் ஓரகத்தியின் பெயரை எழுதி, அவளுடைய ரெலிக்ட் என்று போட்டேன். அவர் மனைவி போய் இரண்டு வருடமாகிறது.

முகம் கறுத்துவிட்டது. "நான் என்ன மிச்சமா?"

"நான் மட்டும் என்ன, தம்பி?"

காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

செத்தவளை இழுத்திருக்க வேண்டாமோ? — இல்லை. இழுக்கலைன்னா அவருக்கு உறைச்சிருக்காது. என் பேர் இல்லாம அந்தக் கல்லு என் வாசல்ல ஏறாது. ஏற விடமாட்டேன்.

மார்ச் 12

பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 15

"சித்தப்பா உம்முன்னு இருக்காரு. கொஞ்சம் இறங்கித்தான் போயேன்" என்கிறாள் மகள். வாழ்நாளெல்லாம் இறங்கியாயிற்று. இனிப் படி இல்லை.

மார்ச் 24

கல் வந்தது, கூடவே கொழுந்தனாரும். கொத்தனார் சாக்கை அவிழ்த்தார். கறுப்புக் கல்லில் முதல் வரி என் பெயர், அதன் கீழ் 'ஆசிரியை'. அடுத்த வரியில் அவர் பெயர். பட்டங்களைக் காணோம், பதிவாளரையும் காணோம். அன்று நான் கோபத்தில் எழுதியது அப்படியே இருந்தது: ஓரகத்தியின் பெயர், அந்தச் சொல்.

உங்களுக்கும் அந்தச் சொல்லை எடுத்திருக்கலாமே தம்பி என்றேன்.

"இருக்கட்டும் அண்ணி. உங்களுக்கு அது பொருந்தல. எனக்குப் பொருந்துது."

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி, கல் கோணலாக இருப்பதாகக் கொத்தனாரை அதட்டினார். கல் நேராகத்தான் இருந்தது.

என்றாவது இதைப் படிக்கிறவர்களுக்கு: பழைய புத்தகத்தில் அந்தச் சொல் எதிர்ப்பட்டால், அந்த வரியில் உங்கள் பெயரை வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.