தோரணத்தில் தொங்கிய ஆட்டம்

புரட்டாசி 20, வெள்ளி (1978)

புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டுகிறது. செங்கல்பட்டில் பஸ் லேட். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே பயணம்.

ஆபீசில் பூஜை சுத்தம் ஆரம்பம். பெரியவர் (செக்‌ஷன் தலைவர்) எல்லோரையும் நிற்க வைத்து உத்தரவு போட்டார். ஆயுத பூஜைக்குள் மேஜை, அலமாரி மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்குள்ளேயும் குப்பை இருக்கக் கூடாதாம். டிஸ்கில் உள்ள சொந்தச் சமாசாரம் எல்லாம் ஞாயிறன்று அழிப்பு. சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா.

குப்பை என்றால் கம்ப்யூட்டரில் நாங்கள் ஆடும் கட்டுமர ஆட்டம். நிலாவில் இறங்கும் ஆட்டம் ஒன்றை, அடுத்த ஷிஃப்டில் என் மெஷினுக்கு வரும் ராஜாமணி எங்கிருந்தோ எழுதிக்கொண்டு வந்தான். நிலாவை எடுத்துவிட்டுக் கடலை வைத்தோம். அலை எல்லாம் அவன் வேலை. மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் அவனுக்கு. காற்றும் மீன் எடையும் நான் சேர்த்தது. இரண்டு கட்டுமரம், தள்ளத் தள்ளத் தெம்பு குறையும், மீனோடு முதலில் கரை சேர்பவருக்கு ஜெயம். எனக்குப் பகல் ஷிஃப்ட், அவனுக்குச் சாயங்காலம். ஒருவர் ஒரு முறை ஆடிவிட்டுப் போனால் அடுத்தவர் வந்து பதில் ஆட்டம். ஷிஃப்ட் மாறும் கொஞ்ச நேரம் தவிர, எங்களுக்குள் பேச்சு என்றால் இதுதான்.

அவனுக்குப் பம்பாய் மாற்றல். வியாழக்கிழமை ரயில்.

ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு திருப்போரூர்க்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நிலம், ரைஸ் மில். அம்மா புடவை எடுத்து வைத்தாயிற்று. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கணும், எழுந்தால் உட்காரணும் போலிருக்கிறது.

புரட்டாசி 21, சனி

அம்மா விரதம். எனக்கும் சேர்த்து.

இன்றைய வேலை:
புரோகிராம் - டேப்.
எங்கள் திருத்தங்கள் - தனி டேப்.
ஆட்டம் நிற்கும் நிலை (யார் மரம் எங்கே, எவ்வளவு மீன்) - இன்னொரு டேப்.

முதல் இரண்டும் முடிந்தது. துளை போட்ட பேப்பர் நாடா, சுருள் சுருளாக. கையெல்லாம் எண்ணெய் வாடை. மூன்றாவது என் கையில் இல்லை, இப்போது அவன் முறை. ஷிஃப்ட் மாறும்போது அவனிடம் சொன்னேன். அவன் பதில்:

"ஆடிட்டு, டேப் எடுத்து உங்க டிரேல வச்சிட்டுப் போறேன். பூஜை முடிஞ்சப்புறம் போட்டுப் பாருங்க."

என்ன ஆடப் போகிறான் என்று கேட்டேன். சிரித்தான், சொல்லவில்லை. திமிர்.

புரட்டாசி 23, திங்கள்

காலையில் தூறல். டிரே காலி.

டிஸ்க் நேற்றே துடைத்தாயிற்று. ஆட்டத்தின் நிலை அந்த ஒரு டேப்பில்தான். பூஜைக் கமிட்டி ஆனந்தனிடம் (கிளார்க், வாய் ஜாஸ்தி) கேட்டால் கைவிரிப்பு. மற்ற இரண்டு டேப்பையும் நானே சரஸ்வதி படத்தடியில் வைத்துவிட்டேன். அவையாவது பத்திரம்.

குப்பைக்கூடை, பீரோ அடி, கழிவுப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. டிரேயில்தான் வைத்தேன் என்கிறான் ராஜாமணி. சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் பேச்சு வேறு.

புரட்டாசி 24, செவ்வாய்

பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். பொரி, சுண்டல். வாசலில் மாவிலைக்கு நடுவே பேப்பர் டேப் தோரணம். கழிவு டேப்பில் வருஷா வருஷம் கட்டுவதுதான். அண்ணாந்து பார்த்தேன். ஒரு நாடாவின் முனையில் பென்சில் எழுத்து: கட்டுமரம், அடுத்து வசந்தா. அதாவது என் முறை. அவன் கையெழுத்து. டிரேயில் இருந்ததைக் கழிவென்று ஆனந்தன் அள்ளியிருக்கிறார். போதாததற்கு நாடா நெடுகச் சந்தனப் பொட்டு வேறு.

ஸ்டூல் போட்டு ஏறிவிட்டேன்.

"பூஜைக்குக் கட்னத நாளைக்குத்தாம்மா அவுக்கணும். இன்னா அவசரம் உனக்கு?" என்றார் ஆனந்தன். பெரியவரும் முறைத்தார். இறங்கினேன்.

ராஜாமணியும் பூஜைக்கு வந்திருந்தான். பொரிப் பொட்டலத்தோடு ஓரமாக நின்று தோரணத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், சிரிக்கிறான். என்ன ஆடினீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்றேன். நாளைக்குப் பாருங்களேன் என்கிறான். கடுப்பில் அவன் பொரியையும் பிடுங்கித் தின்றேன்.

புரட்டாசி 25, புதன்

விஜயதசமி. லீவுதான், ஆனாலும் நல்ல நேரத்தில் மெஷினைத் தொடங்க என்னையும் ஆனந்தனையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் வேலை தோரணம் அவிழ்த்தது.

பாதித் துளைகளில் சந்தனம் காய்ந்து அடைப்பு. மூன்று டேப்பையும் போட்டுப் பார்த்தேன். அவன் மரம் கரையைத் தாண்டி, வேடந்தாங்கல் ஏரி தூரத்துக்குத் தரைமேல் போய் நிற்கிறது என்கிறது மெஷின். சிரிப்பு, அழுகை இரண்டும் வந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். ஆனந்தன் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன்.

அப்புறம் சரியாகப் படித்தது.

என் மரம் அலைக்கு வெளியே, நான் விட்ட இடத்தில். அவனுக்குக் கரை வரை அலையே இல்லை. ஒரே தள்ளு, ஜெயித்திருப்பான். போகவில்லை. திரும்பி, தெம்பையெல்லாம் செலவழித்து என் மரத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

முதலில் கோபம். எனக்கு யார் விட்டுக்கொடுக்கச் சொன்னது? பஸ்ஸில் வரும்போதுதான் அது கோபம் இல்லை என்று தெரிந்தது. எனக்கு அவன் வேண்டும். எழுதிவிட்டேன்.

புரட்டாசி 26, வியாழன்

மூன்று டேப்புக்கும் ஒரு நகல். பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். அவன் ரிலீவிங் ஆர்டர் வாங்க வந்தான். பஸ் நிறுத்தத்தில் கொடுத்தேன். ஏன் கரைக்குப் போகவில்லை என்று நேராகவே கேட்டேன்.

"நீ இல்லாம கரைல போயி நின்னுகினு இன்னா பண்றது?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டின்னைப் பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டில் வந்து பெண் கேட்கச் சொன்னேன்.

"நாங்க கடலுக்குப் போற ஜனம். உங்க நைனா வூட்டுக்குள்ள வுடுவாரா?"

"தெரியாது. எதுக்கும் நான் இன்னைக்கே சொல்லிடுறேன். நீங்க பம்பாய்ல இருந்து அடுத்த ஆட்டத்த எழுதுங்க."

என் முறை ஆட்டத்தை ஒரு காகிதத்தில் எழுதி டின்னுக்குள்ளேயே வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை. நானும் கரைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். திருப்போரூர்க்காரர்கள் வர வேண்டாம். யார், என்ன, எந்த ஊர், எல்லாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒன்றே ஒன்று: "உங்கப்பாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க."

சரி என்றேன். வாசலில் அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிறார்.