அண்ணன் எடுத்து வெச்ச அட்டைங்க

14.3.2006, செவ்வாய்

அண்ணனுக்கு இன்னைக்குக் காரியம் முடிஞ்சுது. டி.பி. மாத்திரையால ஈரல் கெட்டுத்தான் செத்தான். அந்த மாத்திரை ஈரலை எப்படிக் கெடுக்குதுன்னு நாலு வருஷமா லேப்ல எலிங்களை வெச்சு ஆராய்ச்சி பண்றவ நான்.

போன மாசம் நான் மரக்காணம் வந்தப்போ உப்பளத்துல கூலிங் கிளாஸோட நின்னான். வெள்ளை உப்புல கண்ணு கூசுதுன்னானேன்னு நான் வாங்கிக் கொடுத்தது. "எப்படி, ஹீரோ மாதிரி இருக்கேனா?"ன்னான். சிரிச்சேன். கழட்டுன்னு சொல்லல. சொல்லியிருந்தா கண்ணு மஞ்சளா இருந்ததைப் பார்த்திருப்பேன். சாப்பாடு பிடிக்கலை, வாந்தி வருதுன்னுகூடச் சொன்னான். மாத்திரையை விடறதுக்குச் சாக்கு சொல்றான்னு நினைச்சேன். "நடுவுல நிறுத்தினா டி.பி. திரும்பிடும், ஒழுங்காப் போடு"ன்னு அதட்டிட்டு பஸ் ஏறிட்டேன்.

சாயங்காலம் அண்ணி ஒரு மஞ்சப்பையைக் கையில கொடுத்தாங்க. உள்ளே காலி மாத்திரை அட்டைங்க, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்குது.

"நீ திட்டுவேன்னு ஒரு வேளைகூட விடலம்மா. நீ வந்தா காட்டணும்னு உங்கண்ணன் எடுத்து வெச்சிருந்தாரு."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்குக் காலையிலகூடப் போட்டிருக்கான்.