ஓரெழுத்துச் சுருக்கம்

12.7.1988, செவ்வாய். தென்காசி.

இன்று மில்லில் கம்ப்யூட்டர் வேலைக்கான தேர்வு. புரோகிராமின் புதுப் பிரதியைச் சேமித்துவிட்டு, பழைய பிரதியை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். மெட்ராஸ் ஆபீசில் தினமும் செய்ததுதான். ஆனால் அங்கே நீளமான கட்டளைகளுக்கெல்லாம் நானே ஓரெழுத்துச் சுருக்கம் வைத்திருந்தேன். விரல் அதையே தட்டியது. இந்த மெஷினுக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. எனக்கோ முழுக் கட்டளை மறந்துவிட்டது.

"மெட்ராஸ்ல இந்த வேலதான் பாத்தீயளா தம்பி?" என்றார் மேனேஜர். எழுந்து வந்துவிட்டேன்.

சனியன், இப்போது எழுத்து விடாமல் நினைவுக்கு வருகிறது.

தேர்வில் நடந்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் செல்வி கேட்கிறாள்: "மெட்ராஸ் வீட்டக் காலி பண்ணுனது நல்லதாப் போச்சு, இனி இங்கனதான? நாளைக்குக் குத்தாலம் போயிக் குளிச்சிட்டு வருவமா?"

சரி என்றேன்.