பலகையில் ஏறாத பெயர்

பேகம்பூர், திண்டுக்கல்
12-2-1987

அன்பு மகன் அபுதாகிருக்கு உன் அத்தா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் இங்கே சுகம், தம்மாமில் உன் உடம்பும் வேலையும் அதேபோல் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாயே, இப்போது நின்றதா. ஏசி மெஷினுக்கு நேர் கீழே படுக்க வேண்டாம் என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் ஒரு நாள் கேட்கிறது, மறுநாள் கேட்பதில்லை. தங்கச்சிக்கு மசக்கை தீர்ந்து இப்போதுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறாள். வத்தலக்குண்டு ஆள் லீவில் வந்தபோது அவரிடம் நீ கொடுத்தனுப்பிய கேசட்டும் போர்வையும் வந்து சேர்ந்தன. பதிலுக்கு நாமும் பேசி அனுப்பலாம் என்று தங்கச்சி டேப்பைத் துடைத்து என் முன்னால் வைத்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கடை விஷயம் சொல்கிறேன். நம் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து புதுப்புது ஆபீஸ், புதுப்புது ஆட்கள், மத்தியானம் ஆனால் நல்ல கறிச்சோற்றுக்கு அலைகிறார்கள். அதைப் பார்த்துத்தான் உன் மச்சான் அப்பாஸ் பூட்டுப் பட்டறை வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் இடம் பிடித்தார். அவர் கல்லாவைப் பார்ப்பது, நான் அடுப்பைப் பார்ப்பது என்று பேச்சு. எனக்கும் சம்மதம்தான். இத்தனை காலம் கல்யாண வீடுகளில் பிரியாணி தேக்சா இறக்கியிருக்கிறேன், மூடியைத் திறந்து தம் உடைக்கும்போது வருகிற வாசத்தை வைத்தே சோற்றின் பதம் சொல்லிவிடுவேன், ஆனாலும் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் வெறும் பண்டாரி. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் முதல் தூரத்து மச்சான் வரை பெயர் அச்சடிப்பார்கள், சோறாக்கியவன் பெயரை யார் போடுகிறார்கள். அதனால் அப்பாஸ் ஒரு நாள், மாமா உங்கள் பெயரையே கடைக்கு வைப்போம் என்று சொன்னபோது, அதெல்லாம் எதற்கு மாப்பிள்ளை என்று ஒப்புக்குச் சொன்னேனே தவிர எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் கடைவீதியில் ஒவ்வொரு பலகையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதினேன். உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

கடை திறப்புக்குப் பாத்தியா ஓத நாள் கேட்கப் பள்ளிவாசலுக்குப் போனோம். கடைப் பெயரைக் கேட்டதும் ஹஜ்ரத், பார்சல் காகிதத்திலும் அந்தப் பெயரை அச்சடிப்பீர்களா என்று கேட்டார், அப்பாஸ் ஆமாம் என்றார். அந்தக் காகிதத்தில் எலும்பைச் சுற்றிச் சாக்கடையில் எறிவார்கள், நாய் இழுக்கும், போகிற வருகிறவர்கள் மிதிப்பார்கள், மைதீன் என்பது பெரிய மகான் முகைதீன் ஆண்டவர் பெயரல்லவா, அது அங்கே கிடக்கலாமா என்று கேட்டார். நியாயம்தானே. என் பெயரில் முன்பாதியான மைதீனை விட்டுவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு வந்தோம். கடையைப் பதிய மனு எழுதுகிற பொன்னுத்துரையிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் பின்பாதி மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தோம். அவர் பிச்சை பிரியாணி ஓட்டல் என்று டைப் அடித்துவிட்டு, தாளை உருவி எடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார், “தப்பா நினைக்காதீங்க பாய், இதைப் படிச்சிட்டு எவன் உள்ள வருவான், தர்மச் சோறுன்னுல்ல நினைப்பான்.” கேலி செய்யவில்லை, நல்ல மனுஷன்தான். அவருடைய பெரியப்பா மகனுக்கும் பிச்சை என்றுதான் பெயராம், ஆனால் அவர் வாத்தியார், வாத்தியாருக்கு எந்தப் பெயரும் பொருந்தும், சோற்றுக்கடைக்குப் பொருந்தாது என்றார். ஆக என் பெயரில் ஒரு பாதியைக் கீழே போட வழியில்லை, மறு பாதியை மேலே ஏற்ற வழியில்லை. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இந்த வயது வரை எப்படி நடமாடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் அப்பாஸ் விடவில்லை. சிரிக்கிறவன் சிரிக்கட்டும் மாமா, ஒரு தடவை சாப்பிட்டால் வாயை மூடிக்கொள்வான், பிச்சை என்றே பதிவோம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு வீறாப்பு வந்தது. இரண்டு பேரும் மறுபடி மனு எழுதப் போக இருந்த அன்றைக்குத்தான் உன் கேசட் வந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். உன் குரல் வந்ததும் உன் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், நீ நேரில் வந்ததுபோல. சாப்பாடு பற்றியும் உன் சூப்பர்வைசர் பற்றியும் நீ சொன்னதற்கெல்லாம் சிரித்தோம். பிறகு, கடைப் பெயர் பற்றி அப்பாஸ் உனக்கு எழுதியிருந்ததற்குப் பதிலாக, நீ அவரைக் கூப்பிட்டுச் சொன்னாய், “மச்சான், அத்தா பேரை மட்டும் வச்சிராதீங்க. பிச்சைன்னு போர்டு மாட்டுனா இங்க ரூம்ல சிரிச்சே கொன்னுருவாய்ங்க. கல்ஃப் ஸ்டார்னு ஸ்டைலா வைங்க.” நீயும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அப்பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். உன் அம்மா அடுப்பில் ஏதோ வைத்திருப்பதுபோல எழுந்து உள்ளே போனாள், அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுத்து நீ அவளுக்கென்று பேசியதை வெறும் கூடம்தான் கேட்டது. நான் மட்டும் டேப்பைப் பார்த்தபடி இருந்தேன். நிறுத்துகிற பொத்தான் எது என்று எனக்குத் தெரியாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். கோபம் வந்தால்கூடத் தேவலை, அதுவும் வரவில்லை. அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. நான் வயிற்றில் இருந்தபோது என்னைப் பெற்றவள் தர்கா வாசலில் முந்தானையை விரித்து, இதையாவது பிச்சையாகப் போடுங்கள் என்று அழுதாளாம். நான் உயிரோடு தங்கியதால் அந்தப் பெயர். நம் பக்கத்தில் இந்து வீடுகளிலும் இப்படி வைக்கிறார்கள். பிச்சை என்றால் இல்லாதவன் என்று ஊர் அர்த்தம் சொல்லும், எங்கள் வீட்டில் கிடைத்தவன் என்று அர்த்தம். அந்தப் பெயருக்காக நான் வெட்கப்பட்டதே இல்லை, உன் கேசட்டைக் கேட்கிற வரைக்கும்.

நீ சொன்னபடியே கல்ஃப் ஸ்டார் பிரியாணி ஓட்டல் என்று பதிந்தாகிவிட்டது. கடல் தாண்டிப் போய்க் கிடக்கிற பிள்ளை ஆசைப்பட்டுச் சொன்னதை எப்படித் தட்டுவது. மனுவில் கையெழுத்துப் போடும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாஸிடம் கேட்டேன், மச்சான் இருக்கிற பக்கத்து நட்சத்திரம் என்று உன்னை வைத்துச் சொன்னார். பலகையும் மாட்டியாயிற்று. பெயின்டர் கல்ஃப் என்றதும் ஒரு பேரீச்ச மரத்தையும் அதன் கீழே ஒரு ஒட்டகத்தையும் தானாகவே வரைந்துவிட்டார். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் ஒட்டகக் கறியா பாய் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். இல்லை, ஆட்டுக்கறிதான், நம் ஊர் ஆடுதான் என்று சொல்லிச் சொல்லி அப்பாஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒட்டகத்தை அழித்துவிடலாம் என்றால், மச்சான் போட்டோ கேட்டிருக்கிறார், பார்க்கட்டும் என்கிறார். சோறு நன்றாக விற்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் அடுப்படியில் இருப்பதால் பலகை கண்ணில் படுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ரூம் ஆட்களோடு சண்டை சச்சரவு வேண்டாம், வெயிலில் நின்றுவிட்டு வந்தவுடன் ஐஸ் தண்ணீர் குடிக்காதே. உன் அம்மா தனியாக ஸலாம் சொல்லச் சொன்னாள். நீ அவளுக்காகப் பேசியதை மறுநாள் தங்கச்சி போட்டுக் காட்டினாள், மூன்று தரம் கேட்டாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத பரக்கத்தையும் தந்து எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மறக்காமல் ஒன்று செய். போன கடிதத்து உறையில் எம்.பி. பாய் என்று எழுதியிருந்தாய். தபால்காரர் புது ஆள், அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லையே என்று திருப்பி எடுத்துப் போகப் பார்த்தார். நான்தான் அது என்று வாசலில் நின்று கெஞ்சி வாங்கினேன். இனிமேல் விலாசத்தில் என் பெயரை முழுசாக எழுது. கடையில் இல்லாவிட்டால் போகிறது, உன் கையெழுத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அத்தா
மைதீன் பிச்சை